ஸ்வே பார் மாற்றினால் வண்டியில் உண்மையில் என்ன மாறுகிறது?

காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் கேள்விப்படுகிற பொருள்களில் ஒன்று ஸ்வே பார். தடிமனான ஒன்றை வாங்கி மாட்டினால் திருப்பத்தில் வண்டி சாயாது, ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். சாயாது என்பது பெரும்பாலும் உண்மை. ரோட்டைக் கவ்வும் என்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. ரோட்டைக் கவ்வுவது டயர், ஸ்வே பார் அல்ல. டயர்களின் மேல் விழும் சுமையை முன்பக்கமும் பின்பக்கமும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பதைத்தான் இந்தக் கம்பி தீர்மானிக்கிறது. இதை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டால், கம்பெனிக்காரர்கள் கொடுத்த பாருக்குப் பதிலாக வேறொன்றை வடிவமைக்கிறவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். வண்டிக்கு அடியில் குறுக்காக ஓடும் ஓர் இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் மடிந்து 'ப' எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்களும் பிராக்கெட்டுகளும் பாடியோடோ சப்ஃப்ரேமோடோ (பாடிக்கு அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டம்) சேர்த்துப் பிடித்திருக்கும். மடிந்த இரண்டு முனைகளும் லிங்க் ராட் என்ற சிறு இணைப்புத் தண்டு வழியாக இடது சக்கரத்தின் ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சட்டம்) வலது சக்கரத்தின் ஆர்முக்கும் போகும், சில வண்டிகளில் நேராக ஸ்ட்ரட்டுக்கே, அதாவது ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணுக்கே போகும். அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆன்ட்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் என்றெல்லாம் சொல்வதும் இதையேதான். புதிய விஷயமும் அல்ல, கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால், உதாரணமாக முழு அகல வேகத்தடையில், கம்பி தன் புஷ்களுக்குள் சும்மா சுழன்றுகொள்ளும். எந்த எதிர்ப்பும் தராது. ஒரு சக்கரம் மேலே போய் இன்னொன்று கீழே இறங்கும்போதுதான் அதற்கு வேலை வருகிறது. ஈரத் துணியை இரண்டு கையாலும் எதிரெதிராக முறுக்குவது போல அந்தக் கம்பி முறுக்கப்படுகிறது, உடனே பழைய நிலைக்குத் திரும்பத் தள்ளுகிறது. திருப்பத்தில் வண்டியின் உடல் வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சக்கரம் அமுங்குகிறது, உட்சக்கரம் தொங்குகிறது. அப்போது இந்த முறுக்கு வெளிப்பக்கத்தைத் தூக்கி உட்பக்கத்தை இழுத்து, சாய்வைக் குறைக்கிறது. அதாவது நேர்ச்சாலையின் சொகுசைப் பெரிதாகக் கெடுக்காமல், சாய்வதை மட்டும் எதிர்க்கிற ஒரு ஸ்ப்ரிங் இது. நல்ல யோசனை, ஒரு நூற்றாண்டாக நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

சுமை எங்கே போகிறது

இனி வருவதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி திரும்பும்போது உட்சக்கரங்களின் மேலிருந்த சுமையில் ஒரு பகுதி வெளிச்சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதற்குக் கணக்கு எளிது: எடை, திரும்பும் வேகத்தால் வரும் பக்கவாட்டு விசை, எடை மையத்தின் உயரம் மூன்றையும் பெருக்கி, இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தால் வகுக்க வேண்டும். 1400 கிலோ வண்டி, எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர், சக்கர அகலம் 1.5 மீட்டர், பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் 0.8 மடங்கு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 373 கிலோ மாறும். இந்தச் சூத்திரத்தில் ஸ்ப்ரிங்கின் பெயரும் இல்லை, ஸ்வே பாரின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எத்தனை தடிமனான பார் போட்டாலும் அந்த 373 கிலோ மாறத்தான் போகிறது. (சாயும்போது எடை மையம் சற்று வெளியே நகர்வதால் வரும் சிறு வித்தியாசம் உண்டு, அதை இங்கே விட்டுவிடலாம்.)

அப்படியென்றால் பார் என்னதான் செய்கிறது? அந்த 373-ல் முன் அச்சு எவ்வளவு சுமப்பது, பின் அச்சு எவ்வளவு சுமப்பது என்று பிரிக்கிறது. எந்தப் பக்கம் சாய்வை அதிகமாக எதிர்க்கிறதோ அந்தப் பக்கம்தான் இந்தச் சுமை மாற்றத்தில் அதிகப் பங்கை ஏற்கும்.

அதிகப் பங்கை ஏற்றால் என்ன ஆகும்? டயரின் குணம் ஒன்று இங்கே குறுக்கே வருகிறது. ஒரு டயரின் மேல் சுமையைக் கூட்டினால் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை: 400 கிலோ சுமையில் ஒரு டயர் 400 கிலோ பக்கவாட்டுப் பிடிப்பு தருகிறது, 600 கிலோவில் 560 தருகிறது, 200 கிலோவில் 220 தருகிறது. நேராக நிற்கும்போது ஓர் அச்சின் இரண்டு டயருக்கும் 400, 400. மொத்தப் பிடிப்பு 800. திருப்பத்தில் அதே அச்சு 600, 200 என்று ஆனால் மொத்தம் 780. மேலே இருக்கும் எடை அதே 800 கிலோதான், பிடிப்பு மட்டும் குறைந்துவிட்டது. இதையே 700, 100 என்று இன்னும் தள்ளினால் இன்னும் குறையும். ஆக, எந்த அச்சில் பாரைக் கெட்டியாக்குகிறீர்களோ அந்த அச்சு மற்றதோடு ஒப்பிடும்போது பிடிப்பை இழக்கிறது. தலைகீழாகத் தோன்றும், ஆனால் இதுதான் உண்மை.

முன்பக்கம் கெட்டியானால் முன்சக்கரங்கள் முதலில் விட்டுக்கொடுக்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமாகவே நழுவிப் போகும், அது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் கெட்டியானால் மூக்கு சுலபமாக உள்ளே திரும்பும், அளவு மீறினால் வால் வெளியே வீசும், அது ஓவர்ஸ்டியர். முன்சக்கர இழுவை வண்டிகளில் பின்பக்க ஸ்வே பாரை மட்டும் பெரிதாக்குவது ஏன் அவ்வளவு பிரபலம் என்பதற்கு இதுதான் விடை. அந்த வண்டிகளுக்கு எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் இருப்பதால் இயல்பிலேயே மூக்கு கனம், பாதுகாப்புக்காகக் கம்பெனியும் அண்டர்ஸ்டியர் பக்கமாகவே அமைத்திருக்கும். பின் பாரைக் கெட்டியாக்கி அதைக் கொஞ்சம் நடுநிலைக்குக் கொண்டுவருகிறார்கள். வேகமாகத் திருப்பும்போது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ உட்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பின் அச்சின் சுமை முழுக்க வெளிச்சக்கரத்துக்குப் போய்விட்டது என்று அதற்குப் பொருள். அதே வண்டியில் முன் பாரை மட்டும் கெட்டியாக்கினால் உட்பக்க முன்சக்கரம் லேசாகி, திருப்பத்திலிருந்து வெளியே வர ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அது சும்மா சுற்றும்.

வரலாற்றில் இதற்கு ஒரு கசப்பான எடுத்துக்காட்டு உண்டு. ஷெவ்ரோலே கோர்வேர் 1960-ல் வந்தபோது எஞ்சின் பின்னால், பின் சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்சில் (சக்கரமும் அரை அச்சும் சேர்ந்தே மேலும் கீழும் ஊசலாடும் அமைப்பு), முன்னால் ஸ்வே பார் கிடையாது. வால் வீசுவதைத் தடுக்க முன் டயரில் காற்றை மிகக் குறைவாக, 15 பிஎஸ்ஐ, பின் டயரில் 26 பிஎஸ்ஐ வைக்கச் சொன்னார்கள். உரிமையாளர்கள் பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் எத்தனை பேர் கடைப்பிடித்திருப்பார்கள்? 1964 மாடலில்தான் முன் ஸ்வே பாரை எல்லா வண்டிக்கும் கொடுத்தார்கள், பின்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்ப்ரிங்கும் சேர்த்தார்கள். முன்பக்கம் சாய்வை எதிர்க்க ஆரம்பித்ததும் சுமை மாற்றத்தில் பின் அச்சின் பங்கு குறைந்தது. ஓர் இரும்புக் கம்பி ஒரு வண்டியின் குணத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சுமைப் பங்கீட்டைத் தவிர இன்னொரு நன்மையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி சாயும்போது சக்கரமும் கூடவே சாய்கிறது, குறிப்பாக மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வைத்த வண்டிகளில். டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நின்று தேயும். சாய்வு குறைந்தால் டயர் கொஞ்சம் நேராக நிற்கும், தரையில் படும் பரப்பு ஒழுங்காக இருக்கும். அதனால்தான் சில ஸ்ட்ரட் வண்டிகளில் முன் பாரைக் கெட்டியாக்கினாலும் முன்பக்கப் பிடிப்பு கூடிவிடுகிறது, மேலே சொன்ன விதிக்கு எதிராக. எது ஜெயிக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

தடிமன் என்ற மாயை

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது மில்லிமீட்டர். அதன் பின்னால் ஒரு கணிதம் இருக்கிறது. கம்பியின் முறுக்கு எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மி.மீ. கம்பியை 22 மி.மீ. ஆக்கினால் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் எதிர்ப்பு 46 சதவீதம் கூடிவிடும். 24 மி.மீ. என்றால் இரண்டு மடங்குக்கு மேல். வெறும் 2 மி.மீ.தானே என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

விட்டம் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் அதே அளவு முக்கியம். மடிந்த கையின் நீளம் இருக்கிறதே, அது குறையக் குறைய எதிர்ப்பு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 250 மி.மீ. கையை 225-க்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 23 சதவீதம் கெட்டி. சந்தையில் கிடைக்கும் பார்களின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருப்பது இதற்காகத்தான்: லிங்க் ராடை உள்பக்கத் துளையில் மாட்டினால் கெட்டி, வெளிப்பக்கத் துளையில் மாட்டினால் இளக்கம். அப்புறம், லிங்க் எங்கே போய்ச் சேருகிறது என்பது. லோயர் ஆர்மின் பாதி நீளத்தில் சேர்ந்தால் சக்கரம் 10 மி.மீ. நகரும்போது லிங்க் 5 மி.மீ.தான் நகரும், கம்பியின் பலத்தில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நேராக ஸ்ட்ரட்டில் சேர்ந்தால் கிட்டத்தட்ட முழுவதும் சேரும். ஆகவே ஒரு வண்டியின் 24 மி.மீ. பாரையும் இன்னொரு வண்டியின் 22 மி.மீ. பாரையும் பக்கத்தில் வைத்து எது கெட்டி என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

உள்ளே துளையுள்ள குழாய் பார்களைப் பற்றிச் சிலருக்கு ஓர் அவநம்பிக்கை இருக்கிறது, வலுவில்லாத மலிவுச் சரக்கு என்று. அது தவறு. முறுக்கை எதிர்ப்பது பெரும்பாலும் வெளிப்புற இரும்புதான். 25 மி.மீ. விட்டத்தில் நடுவே 15 மி.மீ. துளை இருந்தால் எதிர்ப்பில் 13 சதவீதம்தான் போகும், எடையில் 36 சதவீதம் போய்விடும். நன்றாகச் செய்த குழாய் பார் திடக் கம்பியைவிட எனக்கு மேலாகவே படுகிறது.

புதிதாக ஒரு பாரை உருவாக்குவது

ஒரு புது பாரை வடிவமைக்கிறவர்கள் இரும்பைத் தொடும் முன்பே நிறைய அளக்க வேண்டும். நான்கு சக்கரத்தின் மேலும் விழும் எடை தனித்தனியாக வேண்டும். ஸ்ப்ரிங்கின் கெட்டித்தன்மை, கம்பெனி பாரின் கெட்டித்தன்மை, சக்கர நகர்வுக்கும் லிங்க் நகர்வுக்கும் உள்ள விகிதம், எல்லாம் வேண்டும். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கை வைத்துச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு உயரத்திலும் லிங்க் முனை எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொள்வார்கள். அப்படியே முழுக்க மேலே, முழுக்கக் கீழே, ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, கம்பி எதில் இடிக்கும் என்று பார்ப்பார்கள். டிரைவ் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், சைலன்சர் குழாய், இந்த மூன்றும்தான் வழக்கமாக வழிமறிப்பவை. இடைவெளியில் மாவு போன்ற களிமண்ணை ஒட்டிவைத்து ஓட்டிப் பார்த்தால், திரும்பி வந்ததும் அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை வைத்து மிச்ச இடைவெளியைச் சொல்லிவிடலாம். முப்பரிமாண ஸ்கேன் வந்த பிறகும் இந்தக் களிமண் வேலைக்கு மதிப்புக் குறையவில்லை, ஏனென்றால் ரப்பர் புஷ்கள் அமுங்கி எல்லாமே சற்று நகர்வதை நிற்கும் வண்டியின் ஸ்கேன் காட்டாது.

அளந்த பிறகு இலக்கு. மொத்தச் சாய்வை எவ்வளவு குறைப்பது, அதில் முன் அச்சின் பங்கு எவ்வளவு. பொறியாளர்கள் மத்தியில் ஒரு பழைய கைக்கணக்கு இருக்கிறது: முன் அச்சின் எடைப் பங்கு எத்தனை சதவீதமோ அதைவிட 5 புள்ளி கூடுதலாக முன்பக்கத்தின் சுமை மாற்றப் பங்கை வைத்துத் தொடங்கு, பிறகு ஓட்டிப் பார்த்துத் திருத்து. முன் எடை 60 சதவீதம் என்றால் 65-ல் தொடங்கலாம். இது தொடக்கப் புள்ளிதான், விடை அல்ல. ஆனாலும் ஒரு தொடக்கப் புள்ளி இருப்பதற்கும், பட்டியலில் பக்கத்துக் கம்பெனியைவிட 1 மி.மீ. அதிகமாக வைப்போம் என்று முடிவெடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது வழியில் பிறந்த பார்கள் சந்தையில் இல்லாமல் இல்லை.

இரும்பு என்று பொதுவாகச் சொன்னாலும் இது ஸ்ப்ரிங் ஸ்டீல். இதில் எல்லோரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. ஒரே அளவு முறுக்கினாலும் தடிமனான கம்பியின் மேற்பரப்பில் வரும் அழுத்தம் மெல்லிய கம்பியைவிட அதிகம், விட்டம் கூடும் அதே விகிதத்தில் அதுவும் கூடும். எனவே அதே தரத்து இரும்பில் தடிமனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் கம்பி நீண்ட நாள் உழைக்காது. வளைத்து முடித்ததும் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். பிறகு சின்னச் சின்ன உருண்டைகளை வேகமாக மேற்பரப்பில் அடிக்கிறார்கள், ஷாட் பீனிங் என்று பெயர். மேல்தோல் இறுகி, களைப்பால் வரும் விரிசல் தொடங்குவது தள்ளிப்போகும். கடைசியில் பவுடர் கோட்டிங். இது அழகுக்காக மட்டும் இல்லை. கல் பட்டுப் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும், துரு அரித்த குழியில்தான் விரிசல் பிறக்கும். முனையைத் தட்டையாக்கித் துளையிடும் இடமும், வளைவின் உட்பக்கமும்தான் பெரும்பாலும் உடையும் இடங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் ஒரு கருவியில் மாட்டி லட்சக்கணக்கான தடவை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விற்பனைக்கு விடுவார்கள். ஜெர்மனியின் ஐபாக், ஆஸ்திரேலியாவின் ஒயிட்லைன், அமெரிக்காவின் ஹெல்விக், ஹாட்ச்கிஸ், ஜப்பானின் குஸ்கோ போன்ற பெயர்கள் இந்தத் துறையில் நெடுநாளாக இருப்பவை.

பார் கெட்டியானால் அதைப் பிடித்திருக்கும் பாகங்களும் கெட்டியாக வேண்டும் என்பது சொல்லாமலே புரியும், ஆனால் அதிகம் மறக்கப்படுவதும் இதுதான். கம்பெனி கொடுத்த பிராக்கெட் மெல்லிய தகடு. அது கம்பெனி பாரின் விசைக்கு ஏற்றது. இரண்டு மடங்கு விசை வந்தால் தகடு விரியும், மோசமான வண்டிகளில் அது பொருத்தியிருக்கும் சப்ஃப்ரேமின் வெல்டிங்கே கீறும். நல்ல கிட்டில் தடித்த பிராக்கெட்டும் கூடவே வரும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கத் தயங்காதீர்கள்.

புஷ் விஷயத்தில் ரப்பரா, பாலியூரித்தேனா என்ற கேள்வி வரும். ரப்பர் முதலில் தான் நசுங்கி, அதற்குப் பிறகுதான் கம்பியை முறுக்க விடும். அதனால் ஸ்டியரிங்கைத் திருப்பிய முதல் நொடியில் பார் இருப்பதே தெரியாது. பாலியூரித்தேன் அவ்வளவு நசுங்காது, பதில் உடனே வரும். தினசரி வண்டியில் புஷ்ஷை மட்டும் மாற்றியே வித்தியாசத்தை உணர்ந்தவர்கள் நிறைய. ஆனால் உராய்ந்து 'கீச்' என்று கத்தும் வழக்கமும் அதற்கு உண்டு, சிலிக்கோன் கிரீஸை உள்ளே தாராளமாகப் பூசாவிட்டால் வேகத்தடைக்கு வேகத்தடை கத்தும். ரப்பர் கம்பியை இறுகப் பிடித்திருப்பதால் அது பக்கவாட்டில் நகராது, பாலியூரித்தேனில் நகரும். புஷ்ஷை ஒட்டிக் கம்பியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், கோடு புஷ்ஷை விட்டு விலகியிருந்தால் கம்பி நகர்கிறது என்று அர்த்தம். அதைத் தடுக்க இரண்டு பக்கமும் வளையம் போட்டு முடுக்குவார்கள்.

லிங்க் ராடில் நீளம் மாற்றும் வசதி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வண்டியைத் தாழ்த்தினால் கையின் கோணம் மாறிவிடும், அதைச் சரிசெய்ய. இன்னொரு காரணம், வண்டி சமதரையில் நிற்கும்போது கம்பியில் துளிகூட முறுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் இடது திருப்பத்தில் ஒரு குணம், வலது திருப்பத்தில் ஒரு குணம் என்று வண்டி நடந்துகொள்ளும். சரிபார்ப்பது சுலபம்: சக்கரங்கள் தரையில் இருக்க, ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு ஏதாவது வைத்துவிட்டு, ஒரு பக்க லிங்கின் போல்ட்டைக் கழற்றுங்கள். அது விரல் பலத்திலேயே உள்ளே போய் வெளியே வர வேண்டும். சுத்தியலால் தட்டினால்தான் போகும் என்றால் லிங்கின் நீளத்தைத் திருத்துங்கள்.

ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும்

பாரை மட்டும் தனியாகப் பேச முடியாது. பார் ஒரு ஸ்ப்ரிங் என்று முன்பே சொன்னேன், எந்த ஸ்ப்ரிங்குக்கும் அதன் ஆட்டத்தை அடக்க ஒருவர் வேண்டும், அந்த ஆள் ஷாக் அப்சார்பர். பழைய, தளர்ந்த ஷாக்கோடு மிகக் கெட்டியான பாரைப் போட்டால் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உடல் இடமும் வலமும் வெடுக்கென்று ஆடும், தலை ஜன்னல் பக்கம் போய் வரும். ஒரு பக்கத்தில் வாங்கிய அடியை பார் மறுபக்கத்துக்கும் கடத்துகிறது, அதுதான் காரணம். கரடுமுரடான சாலையில் ஓடும் வண்டிக்கு மிதமான பார் போதும் என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான். காட்டுப் பாதையில் ஏறும் வண்டிகளின் நிலை இன்னும் வேறு: அங்கே ஒரு சக்கரம் பாறை மேலும் இன்னொன்று குழியிலும் நிற்க வேண்டும், பார் அதைத் தடுக்கும். ஜீப் ராங்லர் ரூபிகானில் முன் பாரை ஒரு பட்டனில் துண்டித்துவிடும் வசதியே வைத்தார்கள். 2016-ல் வந்த ஆடி எஸ்க்யூ7 போன்ற வண்டிகளில் பாரை நடுவில் வெட்டி இடையே 48 வோல்ட் மோட்டார் வைத்து, நேர்ச்சாலையில் தளர்த்தி, திருப்பத்தில் இறுக்குகிறார்கள். இரண்டுமே ஒரே சிக்கலுக்கான விடைகள்.

ஸ்ப்ரிங்கைக் கெட்டியாக்கினால் சாய்வும் குறையும், முன்பக்கம் குனிவதும் பின்பக்கம் அமர்வதும் குறையும், ஆனால் சொகுசு போகும். சாதாரணக் கார்களின் உடல் நொடிக்கு 1 முதல் 1.5 தடவை அசையும்படி ஸ்ப்ரிங் வைக்கிறார்கள், மனித உடம்புக்கு அது ஒத்துப்போகிறது. ஸ்ப்ரிங்கை 44 சதவீதம் கெட்டியாக்கினால் இந்த அசைவு 20 சதவீதம் வேகமாகும். நொடிக்கு 2 தடவையைத் தாண்டினால் தினமும் ஓட்டுவது தண்டனை.

வண்டியைத் தாழ்த்துவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எடை மையம் கீழே வந்தால் சாய்வு குறையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் எந்தப் புள்ளியைச் சுற்றி உடல் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர், ஸ்ட்ரட் வண்டிகளில் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். 30 மி.மீ. தாழ்த்தினால் எடை மையம் ஏறக்குறைய அவ்வளவுதான் இறங்கும், ரோல் சென்டரோ அதைவிட நிறைய இறங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் உடலைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீண்டுவிடுகிறது. அதே கெட்டித்தன்மை உள்ள ஸ்ப்ரிங்கில் தாழ்த்திய வண்டி முன்பைவிட அதிகம் சாயும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. லோயர் ஆர்மை வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து பாருங்கள்: அதன் சக்கரப் பக்க முனை உள்முனையைவிட மேலே தூக்கிக்கொண்டு நின்றால் எல்லை தாண்டியாகிவிட்டது. கூடவே அமுங்கும் தூரமும் குறைந்து, திருப்பத்தின் நடுவே பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் மேலும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் இடிக்கும், அந்த நொடியில் அந்த அச்சு கல்லாகிவிடும், பிடிப்பு சட்டென்று போகும். இடிக்கிறதா என்று தெரிய ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, கீழே தள்ளிவிட்டு, ஓட்டிப் பாருங்கள். அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்பது எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஓட்டிப் பார்த்தல்

எந்தக் கணக்கும் ரோட்டில்தான் தேறும். நிலையான வட்டத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் வண்டி எந்தப் பக்கம் முதலில் நழுவுகிறது என்று பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 4138 என்ற சர்வதேசத் தர முறை இருக்கிறது. திடீரென்று வழியில் குறுக்கே வந்ததைத் தவிர்ப்பதற்கு ஐஎஸ்ஓ 3888-2. இந்த மாதிரி திடீர் விலகலில்தான் 1997-ல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் ஸ்வீடன் பத்திரிகையாளர்களின் சோதனையில் கவிழ்ந்தது, பிறகு கம்பெனி சஸ்பென்ஷனை மாற்றி, சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டையும் எல்லா வண்டிக்கும் கொடுத்தது. நிலையான வட்டத்தில் அருமையாக நடந்துகொள்ளும் வண்டி இதில் காலை வாரிவிடலாம், இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதே டயர், அதே காற்றழுத்தம். இதைக் கடைப்பிடிக்காத சோதனையில் கிடைத்த முடிவை நம்பவே கூடாது. முன் பார், பின் பார், ஸ்ப்ரிங், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எதனால் என்று யாருக்கும் தெரியாது.

ஈரச் சாலையைத் தவறாமல் சேர்க்க வேண்டும். காய்ந்த ரோட்டில் சுவையாக இருந்த பின் பார் மழையில் எச்சரிக்கையே இல்லாமல் வாலை வீசலாம், ஏனென்றால் சாய்வு குறைந்தால் ஓட்டுநருக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பும் குறைவு. விற்பனைக்கு வரும் கிட்டின் குறிப்புத்தாளில் பின் பாரை முதலில் இளக்கமான துளையில் மாட்டுங்கள் என்று இருந்தால், அந்தத் தயாரிப்பாளர் மழையில் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். நழுவலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் கம்பெனி சஸ்பென்ஷனை மனதில் வைத்து அமைக்கப்பட்டது, முன் பின் சமநிலையை ரொம்பத் தள்ளினால் அது தேவையில்லாத இடத்தில் பிரேக் போட ஆரம்பிக்கும்.

புதிதாக இறங்குகிறவருக்கு வரிசை இதுதான்: நல்ல டயர், தளராத புஷ், உயிருள்ள ஷாக், சரியான அலைன்மென்ட். இவை சரியாக இல்லாத வண்டியில் பார் எதையும் சரிசெய்யாது. அதன் பிறகும் குறை தெரிந்தால் அது முன்னாலா பின்னாலா என்று தீர்மானித்துவிட்டு அந்த ஒரு பாரை மட்டும் ஒரு படி மாற்றுங்கள். உங்கள் ஊரின் வாகன விதியும் காப்பீடும் இந்த மாற்றத்தை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டி முடித்து 100 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே லிங்க் போல்ட்டையும் பிராக்கெட் போல்ட்டையும் குறிப்பிட்ட டார்க்கில் (முடுக்கும் விசை அளவு) மறுபடி முடுக்குங்கள்; புது புஷ் அமுங்கி இடம் பிடித்ததும் அவை சற்றுத் தளர்ந்திருக்கும், அடியிலிருந்து வரும் 'டொக் டொக்' சத்தத்துக்குப் பாதி நேரம் காரணம் அதுதான்.